இரண்டு இயங்குதளம் உள்ள கணினியில் தேர்வுப் பட்டியலைக் காணோமா? ஃபார்மட் செய்வதற்கு முன் இதைப் படியுங்கள்



போன பள்ளி விடுமுறை முடிந்து பள்ளி திறக்க இரண்டே நாள் இருந்த வேளை. என்னோடு பணிபுரியும் ஆசிரியை ஒருவர் இரவு ஒன்பது மணிக்கு அழைத்தார்.

“சார், என் மடிக்கணினியில இருந்த லினக்ஸ் காணாம போச்சு. ஆன் பண்ணினா நேரா விண்டோஸ்தான் வருது. எதுல போகணும்னு கேட்கும் பட்டியலே வரல. கடைக்காரர் ஃபார்மட் பண்ணினா சரியாயிடும்னு சொல்றார். பண்ணிடச் சொல்லவா?”

“டீச்சர், தயவு செஞ்சு வேணாம்னு சொல்லுங்க. நாளைக்குக் காலையில பார்த்துக்கலாம்” என்றேன்.

நான் அவ்வளவு அவசரமாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் எனக்கும் இதே சிக்கல் வந்தது. கடையில் கேட்டார்கள், நானும் “சரி, பண்ணுங்க” என்று சொல்லிவிட்டேன். கணினி புதுசு போல வந்தது. ஆனால் மாணவர்கள் கதை சொல்லும் போட்டிக்குப் பயிற்சி எடுத்த ஒலிப்பதிவுகள், நான் சேர்த்து வைத்திருந்த வாக்கியப் பயிற்சிகள், எல்லாம் போயின. பிறகுதான் தெரிந்தது, அன்று என் கணினியில் எதுவுமே அழியவில்லை. ஒரு பட்டியலில் வரிசை மட்டும் மாறியிருந்தது. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிட வேலையைத்தான் இங்கே விளக்கப் போகிறேன்.

இப்போது இதைச் சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு முடிந்துவிட்டது. பழைய மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. அதனால் நம்மில் பலர் விண்டோஸை அப்படியே வைத்துக்கொண்டு, பக்கத்தில் லினக்ஸ் மின்ட் அல்லது உபுண்டு நிறுவியிருக்கிறோம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் பட்டியல் காணாமல் போவது இந்த ஏற்பாட்டில் அடிக்கடி வரும் தொல்லை.

கணினி எழும்போது என்ன நடக்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும்.

நீங்கள் பொத்தானை அழுத்தியதும் முதலில் விழிப்பது விண்டோஸும் அல்ல, லினக்ஸும் அல்ல. தாய்ப்பலகையில் இருக்கும் ஒரு சிறிய நிரல். பழைய கணினிகளில் அதற்குப் பயாஸ் என்று பெயர். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வந்த கணினிகளில் இருப்பது யூஇஎஃப்ஐ. பழக்கத்தில் இதையும் பயாஸ் என்றே சொல்கிறோம்.

இதைப் பள்ளி வாசல் காவலாளி என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர் கையில் ஒரு பெயர்ப்பட்டியல் இருக்கும். முதல் பெயர் யாரோ அவரைக் கூப்பிட்டு, “இனி நீங்க பாத்துக்கோங்க” என்று ஒப்படைத்துவிடுவார். முதல் பெயர் க்ரப் என்னும் லினக்ஸ் தொடக்க நிரலாக இருந்தால், அது திரையில் ஒரு பட்டியலைக் காட்டி, “லினக்ஸா, விண்டோஸா?” என்று உங்களைக் கேட்கும். முதல் பெயர் விண்டோஸ் பூட் மேனேஜராக இருந்தால், அது யாரையும் கேட்காது. நேராக விண்டோஸுக்குக் கூட்டிப் போய்விடும்.

ஆக, பட்டியல் வரவில்லை என்றால் லினக்ஸ் அழிந்துவிட்டது என்று பொருள் அல்ல. பெரும்பாலும் காவலாளியின் பட்டியலில் வரிசை மாறியிருக்கும். வகுப்பறை அதே இடத்தில்தான் இருக்கிறது.

கை வைப்பதற்கு முன்: மூன்று காரியங்கள்

ஒன்று. லினக்ஸ் இருக்கிறதா என்று விண்டோஸிலிருந்தே பாருங்கள். விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தினால் ஒரு பட்டி வரும். அதில் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தால் வன்தட்டு கட்டம் கட்டமாகத் தெரியும். லினக்ஸுக்கு ஒதுக்கிய அளவில், டிரைவ் எழுத்து இல்லாமல், பெயர் இல்லாமல் ஒரு கட்டம் இருந்தால் நிம்மதியாக மூச்சு விடுங்கள். அதுதான் உங்கள் லினக்ஸ். விண்டோஸுக்கு அந்தக் கோப்பமைப்பைப் படிக்கத் தெரியாது, அதனால் வெறுமையாகத் தெரிகிறது, அவ்வளவுதான். “காலியா கிடக்கே” என்று அதை டிலீட் செய்துவிடாதீர்கள். சில வேளைகளில் விண்டோஸே “இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்” என்று கேட்கும். கேன்சல் அழுத்துங்கள். பலர் தங்கள் கோப்புகளை இழப்பது இந்த இடத்தில்தான்.

இரண்டு. பிட்லாக்கர் சாவியைத் தேடி எடுத்துத் தாளில் எழுதி வையுங்கள். இப்போதைய விண்டோஸ் கணினிகள் பலவற்றில் வன்தட்டு தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பயாஸில் ஏதாவது மாற்றினால், அடுத்த முறை விண்டோஸ் எழும்போது 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கலாம். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். முதன்முதலில் பள்ளிக் கணக்கில் நுழைந்து அமைத்த கணினி என்றால் அந்தக் கணக்கில் இருக்கலாம். சாவி கையில் வரும்வரை பயாஸ் பக்கம் போகாதீர்கள்.

மூன்று. கணினி யாருடையது என்று பாருங்கள். பள்ளிக்குச் சொந்தமானது என்றால், பொறுப்பாசிரியரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத் தொடங்குங்கள்.

படி 1: பட்டியல் மறைந்து நிற்கிறதா?

விண்டோஸில் ஷட் டவுன் கொடுத்தால் கணினி முழுதாக அணைவதில்லை. விரைவுத் தொடக்கம் என்ற வசதி, அடுத்த முறை சீக்கிரம் எழுவதற்காகப் பாதியை நினைவில் வைத்துக்கொள்கிறது. ஆகவே சோதிக்கும்போது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

கணினி நேராக லினக்ஸுக்குள் போகிறது, விண்டோஸுக்கு வழி கேட்கவில்லை என்றால், க்ரப் பட்டியல் மறைக்கப்பட்டிருக்கலாம். தயாரிப்பாளரின் சின்னம் திரையில் வந்து மறைந்ததும் எஸ்கேப் விசையை ஒருமுறை தட்டுங்கள். பழைய பயாஸ் கணினி என்றால் ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடியுங்கள். பட்டியல் எட்டிப் பார்க்கும். எஸ்கேப்பைப் பலமுறை தட்டினால் கறுப்புத் திரையில் க்ரப் என்று மட்டும் நிற்கும். பயப்படாதீங்க. கணினியை அணைத்து மறுபடி தொடங்கினால் போதும்.

படி 2: ஒருமுறைத் தேர்வு

காவலாளியின் பட்டியலை நேரடியாகப் பார்க்க ஒரு வழி உண்டு. கணினியைத் தொடங்கிய உடனே ஒரு விசையைத் தொடர்ந்து தட்ட வேண்டும். டெல், லெனோவோ கணினிகளில் பெரும்பாலும் எஃப்12. ஏசரிலும் எஃப்12தான், ஆனால் அதை முதலில் பயாஸில் இயக்கி வைக்க வேண்டியிருக்கலாம். எச்பியில் எஸ்கேப் தட்டிவிட்டு எஃப்9. ஏசுஸ் மடிக்கணினியில் எஸ்கேப். சில மடிக்கணினிகளில் எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

விசை தட்ட நேரமே கிடைக்கவில்லையா? விண்டோஸுக்குள் போய், ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடித்தபடி ரீஸ்டார்ட்டைச் சொடுக்குங்கள். நீலத் திரை வரும். அதில் யூஸ் எ டிவைஸ் என்று இருந்தால் திறந்து பாருங்கள். இல்லையென்றால் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், யூஇஎஃப்ஐ ஃபர்ம்வேர் செட்டிங்ஸ் என்று வரிசையாகப் போனால் பயாஸ் அமைப்புக்குள் சேர்ந்துவிடலாம்.

திரையில் வரும் பட்டியலில் உபுண்டு என்ற பெயரைத் தேடுங்கள். லினக்ஸ் மின்ட் வைத்திருப்பவர்களும் இதே பெயரைத்தான் தேட வேண்டும். மின்ட் தன்னை அங்கே உபுண்டு என்றே பதிந்துகொள்கிறது. “மின்ட் இல்லையே” என்று பலர் ஏமாறும் இடம் இது. அதைத் தேர்ந்து எண்டர் தட்டினால் பழைய க்ரப் பட்டியல் வந்து நிற்கும்.

வந்துவிட்டதா? அப்படியானால் சிக்கல் வரிசை மட்டும்தான். அடுத்த படிக்குப் போங்கள்.

படி 3: வரிசையை மாற்றுதல்

பயாஸ் அமைப்புக்குள் போக வேண்டும். டெல், ஏசர், ஏசுஸ் கணினிகளில் எஃப்2. எச்பியில் எஃப்10. லெனோவோவில் எஃப்2, திங்க்பேட் என்றால் எஃப்1. உள்ளே பூட் என்ற பகுதியில் வரிசை இருக்கும். உபுண்டுவை விண்டோஸ் பூட் மேனேஜருக்கு மேலே கொண்டு வாருங்கள். எச்பி கணினிகள் சிலவற்றில் ஓஎஸ் பூட் மேனேஜர் என்று ஒரே வரிதான் தெரியும். அதன் மீது நின்று எண்டர் தட்டினால் உள்ளே இரண்டு பெயரும் இருக்கும். சேமித்து வெளியேறுங்கள். பல கணினிகளில் அதற்கும் எஃப்10தான்.

உள்ளே இருக்கும்போது இன்னொன்றையும் பாருங்கள்: நாளும் நேரமும் சரியா? தப்பாக, ஏதோ பழைய ஆண்டைக் காட்டினால், தாய்ப்பலகையில் இருக்கும் சிறிய மின்கலம் தீர்ந்திருக்கலாம். அது தீர்ந்தால் சில கணினிகளில் பயாஸ் அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். இன்றைக்கு நீங்கள் சரிசெய்தாலும் அடுத்த விடுமுறைக்குப் பிறகு மறுபடி இதே கதைதான். மின்கலத்தை மாற்றச் சொல்லுங்கள். கடைக்குக் கொடுக்க வேண்டிய வேலை இதுதான்.

அதேபோல யூஇஎஃப்ஐ என்று இருந்தது லெகசி என்று மாறியிருக்கிறதா எனவும் பாருங்கள். யூஇஎஃப்ஐ முறையில் நிறுவிய இயங்குதளங்கள் லெகசி முறையில் தெரியாது. திரும்ப யூஇஎஃப்ஐ ஆக்கினால் தெரிந்துவிடும்.

படி 4: பட்டியலில் உபுண்டு பெயரே இல்லை

இப்போது ஒரு பென்டிரைவ் தேவை. நம்மவர்கள் விரலி என்று சொல்வார்களே, அதுதான். 8 ஜிபி இருந்தால் போதும். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், அதனால் காலியான ஒன்றை எடுங்கள். வேறொரு கணினியில் லினக்ஸ் மின்ட்டின் புதிய பதிப்பைப் பதிவிறக்கி, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மென்பொருளால் விரலியில் ஏற்றுங்கள். நீங்கள் பயன்படுத்துவது உபுண்டு என்றாலும் மின்ட் விரலியே வசதி. ஏன் என்று சொல்கிறேன்.

படி 2இல் சொன்ன விசையைத் தட்டி, விரலியைத் தேர்ந்தெடுங்கள். ஒரே விரலி இரண்டு தடவை தெரிந்தால் யூஇஎஃப்ஐ என்று முன்னால் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். வன்தட்டைத் தொடாமல், விரலியிலிருந்தே லினக்ஸ் முழுதாக எழும். முகப்பில் இன்ஸ்டால் என்று ஒரு சின்னம் இருக்கும். அதைச் சொடுக்க வேண்டாம். நாம் வந்தது நிறுவுவதற்கு அல்ல.

முதல் வேலை கோப்புகளைக் காப்பாற்றுவது. கோப்பு மேலாளரைத் திறந்தால் இடப்பக்கத்தில் உங்கள் வன்தட்டுப் பகுதிகள் தெரியும். லினக்ஸ் பகுதிக்குள் ஹோம் என்ற கோப்புறை, அதற்குள் உங்கள் பெயர். கேள்வித்தாள், பயிற்றி, ஒலிப்பதிவு எல்லாம் அங்கே இருக்கும். வெளிப்புற வன்தட்டு ஒன்றைச் செருகி நகலெடுங்கள். நகல் எடுத்து முடித்து, இரண்டு மூன்று கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகு அடுத்த வேலை.

மின்ட் விரலியில் பூட் ரிப்பேர் என்ற கருவி கூடவே வருகிறது. அதனால்தான் மின்ட் வேண்டும் என்றேன். இணையத்தை இணைத்துவிட்டு, பட்டியில் நிர்வாகப் பகுதியில் இருக்கும் அதைத் திறந்து, ரெகமெண்டட் ரிப்பேர் என்பதைச் சொடுக்குங்கள். சில நிமிடம் எடுக்கும். முடிந்ததும் விரலியைக் கழற்றிவிட்டு மறுதொடக்கம் செய்யுங்கள். பெரும்பாலும் பட்டியல் திரும்பிவிடும்.

படி 5: பட்டியல் வருகிறது, விண்டோஸ் மட்டும் இல்லை

இது தலைகீழ்ச் சிக்கல். க்ரப் 2.06 பதிப்பு 2021இல் வந்தபோது, வன்தட்டில் வேறு இயங்குதளம் இருக்கிறதா என்று தேடும் வேலை பாதுகாப்புக் காரணமாக இயல்பு நிலையில் நிறுத்தப்பட்டது. அதனால் புதுப்பித்த பிறகு சில கணினிகளில் விண்டோஸ் பெயர் விடுபட்டுப் போகிறது. விண்டோஸ் பத்திரமாகத்தான் இருக்கும். அவசரத்துக்குப் படி 2இல் சொன்னபடி உள்ளே போகலாம். நிரந்தரமாகச் சரிசெய்ய க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ஓஎஸ் புரோபர் என்ற தேடலை மறுபடி இயக்கி, பட்டியலைப் புதுப்பிக்க வேண்டும். கட்டளைத் திரையில் பழக்கம் இல்லையென்றால், பழக்கம் உள்ள ஒருவரைப் பக்கத்தில் உட்கார வைத்துச் செய்யுங்கள். இதில் அவசரம் வேண்டாம்.

படி 6: பாதுகாப்பு மீறல் என்று திரை சொல்கிறது

2024 ஆகஸ்ட் 13ஆம் நாள் வந்த விண்டோஸ் புதுப்பிப்பு ஒன்று, பழைய லினக்ஸ் தொடக்க நிரல்களை நம்பக்கூடாதவை என்று தடுத்தது. இரண்டு இயங்குதளம் உள்ள கணினிகளை அது தொடக்கூடாது என்பதுதான் திட்டம். ஆனால் பல கணினிகளில் தொட்டுவிட்டது. லினக்ஸைத் தேர்ந்ததும் ஷிம், எஸ்பிஏடி என்ற சொற்களோடு, ஏதோ பெரிய தவறு நேர்ந்துவிட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி வந்து கணினி அணைந்துவிடும். பார்க்கவே பகீர் என்றிருக்கும். இங்கேயும் கோப்புகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிட்லாக்கர் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பயாஸில் செக்யூர் பூட் என்பதைத் தற்காலிகமாக நிறுத்துங்கள். லினக்ஸுக்குள் போய் எல்லாப் புதுப்பிப்புகளையும் நிறுவுங்கள். பிறகு செக்யூர் பூட்டை மறுபடி இயக்குங்கள். புதிய தொடக்க நிரல் வந்திருந்தால் தடை இருக்காது. இயக்காமலே விட்டுவிடாதீர்கள். அது பூட்டு மாதிரி. கதவைத் திறக்கச் சற்று நேரம் எடுக்கலாம், திறந்தே போடக்கூடாது.

இரண்டு பக்கமும் விண்டோஸ்தானா?

சிலர் இரண்டு விண்டோஸ் பதிப்புகளை வைத்திருப்பீர்கள். விண்டோஸ் விசையோடு ஆர் விசையை அழுத்தி, சிஸ்டம் கான்ஃபிகரேஷன் கருவியைத் திறக்க எம்எஸ்கான்ஃபிக் என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். பூட் பகுதியில் இரண்டு பெயரும் இருக்கின்றனவா? இருந்தால் டைம்அவுட் என்ற இடத்தில் 10 வினாடி போடுங்கள். காத்திருக்கும் நேரம் மிகவும் குறைவாக இருந்தால் பட்டியல் நம் கண்ணில் படாமலே போய்விடும்.

இனி வராமல் இருக்க

எல்லாம் சரியாக இருக்கும் ஒரு நாளில் பயாஸ் திரைகளைக் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். பிறகு எது மாறியது என்று ஒரு பார்வையில் தெரியும். மின்ட் விரலி ஒன்றை மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள். பிட்லாக்கர் சாவி தாளில் இருக்கட்டும், கணினிக்குள்ளேயே சேமித்தால் பூட்டிய அலமாரிக்குள் சாவியை வைத்தது போலத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, மாணவர்களின் பதிவுகளும் உங்கள் கேள்வித்தாள்களும் ஒரே இடத்தில் இருக்க வேண்டாம். வாரத்துக்கு ஒருமுறை இணையச் சேமிப்பகத்திலோ வெளிப்புற வன்தட்டிலோ ஒரு நகல் எடுங்கள். வெள்ளிக்கிழமை பதிவேடு எழுதி முடித்ததும் இதைச் செய்யப் பழகினால் மறக்காது.

அந்த ஆசிரியை என்ன ஆனார் என்று கேட்பீர்கள். மறுநாள் காலை காணொளி அழைப்பில் சேர்ந்தோம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் பெயரில்லாத கட்டம் இருந்தது. சாவியை எழுதி வைத்தார். பயாஸைத் திறந்தால் நாள் பல ஆண்டு பின்னால் நின்றது, உபுண்டு இரண்டாம் இடத்தில் இருந்தது. மேலே ஏற்றினார். கணினி மறுபடி எழுந்தது, பட்டியல் வந்தது. லினக்ஸுக்குள் ஆறாம் ஆண்டுக்கு அவர் ஆறு வருடமாகச் சேர்த்த பயிற்சிகள் எல்லாம் அப்படியே இருந்தன.

“இவ்வளவுதானா சார்?” என்றார்.

“இவ்வளவுதான் டீச்சர். இப்பவே ஒரு நகல் எடுத்து வெச்சிடுங்க” என்றேன்.

எனக்கு அன்று அப்படிச் சொல்ல ஆள் இல்லை. உங்கள் பள்ளியில் யாராவது “ஃபார்மட் பண்ணிடவா?” என்று கேட்டால், நீங்கள் சொல்லுங்கள்: கொஞ்சம் பொறுங்க, முதல்ல பார்ப்போம்.